எறும்பு வென்ற வழக்கும் வாயடைத்துப்போன டப்பாவும்

வழக்கில் ஜெயித்த அன்று மத்தியானம் எறும்பு வீட்டுக்குள் நுழைந்ததும் செய்த முதல் காரியம், செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் ஏறி நின்று இரண்டு கைகளையும் தூக்கியதுதான். நாற்பதைத் தாண்டிய பெண்மணி செய்கிற வேலையா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் ஐந்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவளுக்கு அந்த உரிமையைக் கொடுக்காவிட்டால் வேறு யாருக்குக் கொடுப்பது? பின்னாலேயே கேக் பெட்டியோடு வந்த அவள் வீட்டுக்காரர், "இறங்கு, இறங்கு, அந்த நாற்காலிக்குக் கால் ஆடுது" என்றார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். யார் எதில் ஏறினாலும் அது தாங்குமா என்றுதான் முதலில் பார்ப்பார்.

எறும்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இணையத்தில் மென்பொருள் எழுதிப் போடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு பெயர் உண்டு. அவள் வைத்துக்கொண்டது இது. சிறியது, சுறுசுறுப்பானது என்று அவள் காரணம் சொல்வாள். கடித்தால் தெரியும் என்பது வீட்டுக்காரர் சொல்லும் காரணம். ‘எறும்பு என்று அறியப்படும் முதல் வாதி’ என்று நீதிபதி சிரிப்பே இல்லாத முகத்தோடு தீர்ப்பை வாசித்தபோது எதிர்த்தரப்பு வக்கீலே இருமிச் சமாளிக்க வேண்டியிருந்தது.

வழக்கு இதுதான். பல வருஷங்களுக்கு முன் பார்வையில்லாத தன் அண்ணனுக்காக எறும்பு ஒரு மென்பொருள் எழுதினாள். அச்சடித்த தாளைப் படம் எடுத்துக் கொடுத்தால் கணினி அதை வாய்விட்டுப் படிக்கும். ‘வாசி’ என்று பெயர். எழுதிய நிரலைப் பூட்டி வைக்காமல், யாரும் படித்துப் பார்க்கும்படி எல்லாருக்கும் திறந்து வைத்தாள். வெவ்வேறு ஊர்களிலிருந்து, முகம் பார்க்காமலேயே, மூன்று பேர் வந்து கைகொடுத்தார்கள்: உப்பு, ஆந்தை, மெத்தை. உப்பு மருந்துக் கடை நடத்துகிற பெண். மற்ற இருவரைப் பற்றி அதிகம் தெரியாது. ஆந்தை எதற்கெடுத்தாலும் மறுப்பார், மெத்தை எதற்கும் தாமதமாக வருவார், அவ்வளவுதான். நால்வரும் வைத்த நிபந்தனை மிகச் சின்னது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்றுக்கூடப் பிழைக்கலாம். ஆனால் மாற்றியதை இதே மாதிரி எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும். எழுதினவர்கள் பெயரை அழிக்கக் கூடாது.

ஒரு கம்பெனி எடுத்தது. மாற்றியது. மூடி வைத்தது. பெயர்களையும் சுரண்டிப் போட்டுவிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவியைச் செய்து, எல்லாம் தங்கள் சொந்தச் சரக்கு என்று விற்றது. கருவிக்கு அவர்கள் வைத்த பெயர் நீளமானது. எறும்பு வைத்த பெயர் டப்பா.

அவர்கள் மாட்டிக்கொண்ட விதம் தனிக் கதை. தாளைத் தலைகீழாகப் பிடித்தால் எச்சரிப்பதற்காக வாசியில் எறும்பு தன் சொந்தக் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தாள். கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள், இதை மறந்துபோனார்கள். நீதிமன்றத்தில் டப்பாவின் முன்னால் ஒரு தாளைத் தலைகீழாகப் பிடித்ததும், "தலைகீழா பிடிச்சிருக்கீங்க, திருப்புங்க" என்று எறும்பின் குரல் கேட்டது. அந்தப் பதிவின் பின்னணியில் யாரோ பலமாகத் தும்மினார்கள். தும்மல் யாருடையது என்று நீதிபதி கேட்டார். பார்வையாளர் வரிசையிலிருந்து வீட்டுக்காரர் கூச்சத்தோடு எழுந்து நின்றார். "எல்லாம் நானே எழுதினது" என்று சற்று முன்புதான் சாட்சி சொல்லியிருந்த கம்பெனி எஞ்சினியரின் முகத்தில் ஈயாடவில்லை. ஒட்டடைக் கம்பு உயரம் அவன். அன்றிலிருந்து எறும்புக்கு அவன் நெட்டை.

ஆக, கேக்கை வெட்டப் போகிற நேரத்தில் அண்ணன் போன் செய்தார்.

"ஜெயிச்சுட்டியாமே. ரேடியோவுல சொன்னாங்க."

"ஜெயிச்சுட்டோம் அண்ணா! நிபந்தனைய மீறினதால கம்பெனிக்கு வாசியத் தொடவே உரிமை இல்லைனு சொல்லிட்டாங்க!"

"ரொம்ப சந்தோஷம்மா. நிஜமாவே சந்தோஷம்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "என் டப்பா செத்துப்போச்சு."

எறும்பு கத்தியைக் கீழே வைத்தாள். அண்ணன் அந்தத் திருட்டு டப்பாவைத்தான் வைத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். யாருக்காக எழுதினாளோ அவரே திருடனிடம் வாங்கி உபயோகிக்கிறார் என்றால் யாருக்குத்தான் எரியாது? ஆனால் அவரிடம் நியாயம் இருந்தது. குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. புகார்கள் பாதிக்கு மேல் கையால் எழுதி வருகின்றன. எறும்பின் வாசிக்கு அச்செழுத்து மட்டும்தான் படிக்கத் தெரியும். டப்பா அநேகமாக எந்தக் கிறுக்கலையும் படித்தது. அந்த ஒரு வித்தையைக் கம்பெனி தானாகச் சேர்த்திருந்தது.

டப்பா தாளைப் படமெடுத்துக் கம்பெனியின் கணினிக்கு அனுப்பும், படிப்பதெல்லாம் அங்கேதான். தீர்ப்பு வந்த கையோடு கம்பெனி அந்தக் கணினியை அணைத்துவிட்டது. அணைத்ததோடு விடாமல் ஓர் அறிவிப்பும் போட்டது: ‘நீதிமன்றத் தீர்ப்புக்குத் தலைவணங்கிச் சேவையை நிறுத்துகிறோம். சிரமத்துக்கு வருந்துகிறோம். மேற்கொண்டு விவரங்களுக்கு வாதிகளை அணுகவும்.’ கீழே வாசிக் குழுவின் முகவரியும் தொலைபேசி எண்ணும். அந்த எண் எறும்பின் வீட்டு எண்.

எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. போனைக் கீழே வைத்தால் அடித்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சர் பிடித்து உலுக்கினார். "பிள்ளைங்க பரீட்சைப் பேப்பர் கட்டு கட்டா மேஜை மேல கிடக்கு. உங்களுக்குப் பேர் வேணும்னா வாசல்ல போர்டு எழுதி மாட்டிக்கோங்க. எங்க கண்ணப் பிடுங்கிதான் மாட்டணுமா?" எறும்புக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இன்னொருவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். வெளியூரில் இருக்கும் மகள் எழுதும் கடிதங்களை இனி பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும் என்றும், பரவாயில்லை, எல்லாவற்றிலும் ஒரு நியாயம் இருக்கும் என்றும் சொல்லிவிட்டு வைத்தார். டீச்சரின் திட்டே தேவலை என்றிருந்தது.

மறுநாள் வக்கீலம்மாவின் அறையில் போய்க் குதியாய்க் குதித்தாள். "அவங்க எழுதினதத் திறந்து காட்டணும்னுதானே நாம கேஸ் போட்டோம்? மூடிட்டுப் போறதுக்கா போட்டோம்?"

வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். துடைத்து முடிப்பதற்குள் விஷயம் முடிந்துவிடும். "கோர்ட்டு ‘நிறுத்து’ன்னு சொல்லும்மா. ‘திற’ன்னு சொல்லாது. நிறுத்தறதா, திறந்து வச்சுட்டுத் தொடர்றதா, அது அவங்க இஷ்டம். நீங்க நாலு பேரும் சேர்ந்து, திறந்தா மறுபடி அனுமதி தர்றோம்னு எழுதிக் கொடுத்தா அவங்க யோசிக்கலாம். பூட்டுனது அவங்க. சாவி இப்ப உங்க கையில."

"திருடினவனுக்கு நானே சாவியக் கொடுக்கணுமா?"

"கொடுக்கணும்னு நான் சொல்லலயே. கையில இருக்குன்னுதான் சொன்னேன்."

கம்பெனி திறந்து வைத்தால் அனுமதி கொடுப்போம் என்று உப்பும் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். வாசிக் குழுவில் எந்த முடிவும் கடிதமாகத்தான் வைக்கப்படும். உலகத்தின் நாலு மூலையில் இருக்கிறவர்கள் என்பதால், எல்லாரும் ஒரு தடவை தூங்கி எழுந்த பிறகுதான் அது முடிவாகும். ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் நின்றுபோகும். ஆனால் மறுக்கிறவருக்கு ஒரு வேலை உண்டு: மாற்று வழியை அவரே செய்து காட்ட வேண்டும். அதுவரை வேறு பேச்சு கிடையாது. எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருந்த ஆந்தையை அடக்குவதற்காக முன்னொரு காலத்தில் எறும்பே உட்கார்ந்து எழுதிய விதி அது. அதை எழுதிய அன்று அவளுக்குத் தன் புத்திசாலித்தனத்தில் அப்படியொரு பெருமை.

உப்பின் கடிதம் வந்தபோது எறும்பு தூங்கவுமில்லை, எழவுமில்லை. படித்த சூட்டோடு பதில் போட்டாள்: ‘வேண்டாம். நம்ம பேரை அழிச்சவங்க முதல்ல பத்திரிகையில மன்னிப்புக் கேக்கட்டும். கையெழுத்துப் படிக்கிறதுதானே, அத நானே எழுதறேன்.’

உப்பு ஒரு வரி எழுதினாள்: ‘சரி. விதிப்படி ஆகட்டும்.’ ஆந்தை ஒன்றும் எழுதவில்லை. எங்கேயோ ஒரு மூலையில் அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

எறும்பு உட்கார்ந்தாள். வேலைக்கு விடுப்பு சொன்னாள். மேஜை முழுக்க வீட்டுக்காரரின் பழைய ரசீதுகள், மளிகைச் சீட்டுகள், எவர் கையெழுத்து கிடைத்தாலும் பரப்பி வைத்துக்கொண்டு எழுதினாள், அழித்தாள், எழுதினாள். அவள் கெட்டிக்காரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கையெழுத்து அச்செழுத்து மாதிரி அடங்கி உட்காருகிற ஜாதி இல்லை. ஒருவர் எழுதிய எழுத்து அடுத்தவரிடம் வேறு வேஷத்தில் வருகிறது. வாரக்கடைசியில் அவள் எழுதியது ஓரளவுக்குப் படித்தது, அதாவது அவளுடைய கையெழுத்தை மட்டும். வீட்டுக்காரரின் ரசீதைக் கொடுத்தால் பேய் பிடித்த மாதிரி உளறியது. "என் கையெழுத்து அவ்வளவு மோசமா?" என்று அவர் கேட்டார். "வாய மூடிட்டுப் போங்க" என்றாள்.

இதற்கிடையில் அண்ணனின் அலுவலகத்தில் புகார்கள் மலையாகக் குவிந்தன. உதவிக்கு ஓர் ஆளைப் போட்டுப் படித்துக் காட்டச் சொல்கிறோம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். அண்ணனுக்கு உலகத்தில் பிடிக்காத காரியம் ஒன்று உண்டென்றால் அதுதான். "அப்படி ஒரு ஆளப் போட்டா நான் அந்த நாற்காலியில எதுக்கு? ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுவேன்" என்று ஒற்றைக் காலில் நின்றார். மாதக் கடைசிவரை பார்ப்போம் என்று மேலதிகாரி விட்டுவைத்திருந்தார்.

அதுவரை காலத்தை ஓட்ட, காலையில் எறும்பே போய்ப் படித்துக் காட்டுவது என்று ஏற்பாடு. தங்கச்சி என்பதால் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். சுவரெல்லாம் இரும்பு அலமாரி. ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. அவள் படிக்கப் படிக்க அவர் பதிலைத் தட்டச்சு செய்வார். இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாவது நாள் ஒரு கடிதம். தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் வீணாகிறதாம். எழுதினவருக்கு ஆத்திரம். எறும்பு படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்று, அடுத்த வரிக்குப் போனாள்.

அண்ணனின் விரல்கள் நின்றன. "அங்க என்ன விட்ட?"

"ஒண்ணும் விடலயே."

"மூச்சு வாங்கின. ஒரு வரி போச்சு. படி."

"சும்மா திட்டியிருக்காங்க அண்ணா. புகாருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"என்னத் திட்டியிருக்காங்களா?"

அவள் தாளை மடித்தாள். ‘கண்ணு தெரியாதவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் எங்கள் தெரு எப்படித் தெரியும்’ என்று அந்தத் தாளில் இருந்தது. அதைத் தன் வாயால் அண்ணனிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். கோபமாகக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாகப் பேசினார். "சின்ன வயசுலேர்ந்து எனக்குப் படிச்சுக் காட்டினவங்க எல்லாரும் நல்லவங்கம்மா. அம்மா பேப்பர் படிப்பாங்க, கெட்ட செய்தி வந்தா தாண்டிடுவாங்க. வாத்தியார் என் மார்க்க ரெண்டு கூட்டிச் சொல்லுவாரு. எல்லாரும் பாசத்துல பண்றதுதான். ஆனா என்கிட்ட வந்து சேர்றது எது, வழியிலயே நின்னுபோனது எதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெட்டிக்கு என் மேல பாசமே கிடையாது. அதனாலதான் அது எனக்கு வேணும்."

எறும்பு அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அழுதாள். மன்னிப்பு, பத்திரிகை, பெயர் என்று தான் பிடித்த பிடிவாதத்துக்கு விலையாக அண்ணனின் நாற்காலி போகப்போகிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் ‘வேண்டாம்’ என்பதைத் திரும்பப் பெற மனம் வரவில்லை. மனிதர்கள் அப்படித்தான், எறும்பாக இருந்தாலும்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் நெட்டை நின்றுகொண்டிருந்தான்.

அவள் கதவைச் சாத்தியிருப்பாள். ஆனால் வீட்டுக்காரர் ஏற்கெனவே "உள்ள வாங்க தம்பி, தலை இடிக்கும், பாத்து" என்று சொல்லிவிட்டார். நெட்டை குனிந்து வந்து, அந்தக் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தான். டீ வந்தது. தொடவில்லை.

"கம்பெனி அனுப்புச்சா?" என்றாள் எறும்பு.

"இல்லைங்க. தெரிஞ்சா வேலை போயிடும்."

"கோர்ட்ல நல்லா சொன்னீங்களே, எல்லாம் நானே எழுதினதுன்னு."

அவன் தரையைப் பார்த்தான். "சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். தப்புதான். அதுக்கு மன்னிப்புக் கேக்கறேங்க. வாசி உங்களோடது. ஆனா கையெழுத்துப் படிக்கிற பகுதி... அது மட்டும் நிஜமாவே நான் எழுதினதுங்க. முதலாளிக்கு இப்ப அதுல அக்கறை விட்டுப்போச்சு. நீங்க பத்திரிகையில மன்னிப்புக் கேக்கச் சொல்றதா கேள்விப்பட்டாரு. அதுக்கு டப்பாவ மூட்டை கட்டிக் குப்பையில போட்டுட்டு வேற வியாபாரம் பாக்கறேன்னுட்டாரு. போட்டா நான் எழுதினதும் அதோட போயிடும். எழுதினத யாரும் ஓட்டாம, ஒரு மூலையில..."

எறும்பு அவனை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தாள். தன் பெயரை அழித்தபோது தனக்கு எரிந்த இடத்தில்தான் இவனுக்கும் எரிகிறது என்று புரிந்தது. புரிந்தது பிடிக்கவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் ஆயிற்றே.

"எப்படிப் படிக்குது? ரெண்டு பேர் ஒரே எழுத்த ஒரே மாதிரி எழுதறதில்லையே."

"எழுத்தப் பாக்கறதில்லைங்க." நெட்டை நிமிர்ந்து உட்கார்ந்தான். "மை எங்க அழுத்தமா இருக்கு, எங்க இழுபட்டிருக்குன்னு பாக்குது. எழுதின கை எந்தப் பக்கமா போயிருக்கும்னு கண்டுபிடிக்குது. எழுத்து மாறும், கை போற வழி அவ்வளவா மாறாது."

எறும்புக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அவள் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடது கையால எழுதறவங்க?" என்றாள் விடாமல்.

"அங்கதாங்க சறுக்கும்."

"சறுக்கத்தான் செய்யும், நீங்க வழிய ஒரே பக்கமா வச்சிருக்கீங்க. ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாத்துட்டு எது பொருந்துதோ அத எடுக்கணும்."

"அப்படிச் செஞ்சா நேரம் ரெட்டிப்பாகும்."

"ஆகாது! அச்செழுத்துக்கு நான் என்ன பண்ணியிருக்கேன்னு நீங்க படிக்கவே இல்லையா? திருடுனா ஒழுங்காத் திருட வேண்டாமா?"

வீட்டுக்காரர் உள்ளேயிருந்து தலையை நீட்டி, "சண்டையா, பேச்சா?" என்று கேட்டார். ரசீதுகளின் பின்பக்கமெல்லாம் கோடு போட்டு, அம்பு போட்டு, ஒருவர் பேனாவை ஒருவர் பிடுங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டீ ஆறி ஆடை கட்டியது. நெட்டை போகும்போது வாசலில் தலையை இடித்துக்கொண்டு போனான். அவனிடம் அவள் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை.

ஆனால் அன்று மாலையே குழுவுக்குக் கடிதம் எழுதினாள். இதுவரை எழுதியதிலேயே அவளுக்கு மிகக் கஷ்டமாக இருந்த கடிதம் அதுதான்.

‘மாற்று வழிய என்னால செய்து காட்ட முடியல. என் மறுப்பு செல்லாது. பத்திரிகை மன்னிப்பும் வேண்டாம். உப்பு சொன்னபடி, திறந்து வைச்சா அனுமதி கொடுப்போம். நிபந்தனைப்படி பேர் இருக்கணும், நம்ம நாலு பேரோடதும், கையெழுத்துப் பகுதிய எழுதினவரோடதும்.’

எல்லாரும் தூங்கி எழுந்தார்கள். மெத்தை வழக்கம்போலக் கடைசியாக எழுந்து, ‘என்ன நடந்துச்சு, ஒண்ணும் புரியல, ஆனா சரி’ என்று எழுதினார். ஆந்தை சரி என்று எழுதியது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

முதலாளி இழுத்தடித்தார். வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை போய்ப் பேசினார். விற்காத டப்பாக்கள் கிடங்கு நிறைய அடுக்கிக் கிடந்ததும், பத்திரிகையில் தலைகுனிய வேண்டியதில்லை என்பதும் சேர்ந்து முதலாளியின் மனதை மாற்றின. மாதம் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது கம்பெனி எல்லாவற்றையும் திறந்து வைத்தது.

எறும்பு திறந்து பார்த்தாள். நிரலின் தலைப்பில் நாலு பேருடைய பெயர்கள். கீழே ஐந்தாவதாக, நெட்டையின் நிஜப் பெயர். பிறகு உள்ளே போனால் அங்கே வேறு விருந்து காத்திருந்தது. நிரல் எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே தங்களுக்காகக் குறிப்பு எழுதி வைப்பது வழக்கம். என்றைக்காவது ஊரெல்லாம் பார்க்கத் திறக்கும் என்று நெட்டை கனவிலும் நினைக்கவில்லை போலிருக்கிறது. ‘இதை எழுதினவர் என்ன கோபத்தில் எழுதினாரோ’ என்று ஓரிடத்தில். ‘தொட்டால் கடிக்கும், ஜாக்கிரதை’ என்று இன்னோரிடத்தில். ‘எறும்பே, உனக்கு ஒரு கும்பிடு, இதைக் கொஞ்சம் பிரித்து எழுதியிருக்கக் கூடாதா?’ என்று ஒரு புலம்பல். எறும்பு வயிறு வலிக்கச் சிரித்தாள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். சிரித்து முடித்ததும், அவன் புலம்பின பகுதியைப் பிரித்து எழுதினாள். ஏனென்றால் அவன் சொன்னது சரி. இடது கைக்காரர்கள் விஷயத்தை இருவரும் கடிதத்திலேயே சண்டை போட்டுச் சரி செய்தார்கள். தன் கண்ணைப் பிடுங்கிவிட்டதாகத் திட்டிய டீச்சர், பிள்ளைகளின் கிறுக்கலில் டப்பா எந்தெந்த எழுத்தை எப்படியெல்லாம் தப்பாகப் படித்தது என்று விவரமாக எழுதி அனுப்பினார். நன்றி என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. எறும்பு அதை எதிர்பார்க்கவும் இல்லை.

கம்பெனியின் கணினி மறுபடி ஓட ஆரம்பித்த அன்று காலை, எறும்பு அண்ணனின் அலுவலகத்துக்குப் போனாள். குவிந்திருந்த கடிதங்களின் மேலிருந்து அண்ணன் ஒன்றை உருவினார். அவள் எட்டிப் பார்த்தாள். வலமிருந்து இடமாகச் சாய்ந்த, காகிதத்தைக் கிழித்துவிடுகிற மாதிரி அழுத்தி எழுதிய இடது கை எழுத்து. பாதி வார்த்தைகள் அவளுக்கே புரியவில்லை. இதையா முதலில் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அண்ணன் டப்பாவைத் தாளுக்கு மேல் பிடித்தார். கொஞ்சம் பொறுத்து அது பேசியது, ஏற்ற இறக்கம் இல்லாத அதே குரலில்.

"புகார்ப் பிரிவு அதிகாரிக்கு. போன வாரமும் எழுதினேன். அதற்கு முந்தின வாரமும் எழுதினேன். எங்கள் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. குளிக்காமல் வேலைக்குப் போகிறேன்."

எறும்புக்கு மூச்சு வந்தது. படிக்கிறது. தடங்கல் இல்லாமல் படிக்கிறது. அண்ணன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கண்தான் இல்லை என்று நினைத்தேன். காதும் இல்லை, மூளையும் இல்லை, வெட்கமும் இல்லை. உங்களைப் போன்ற ஒரு..."

அவள் கை தன்னையறியாமல் டப்பாவின் பொத்தானை நோக்கிப் போனது. அண்ணன் எப்படிக் கண்டாரோ, பாதி வழியிலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"எடு கைய. அது என் கடுதாசி."

"...உங்களைப் போன்ற ஒரு தண்டச்சோற்றைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தவனை முதலில் தண்ணீர் இல்லாத மாடியில் குடிவைக்க வேண்டும். நீங்கள் ஒரு மண்சட்டி. உடைந்த மண்சட்டி. இப்படிக்கு, மூன்றாம் மாடி."

டப்பா நின்றது. எறும்பு பயந்துகொண்டே அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் தோள் குலுங்கியது. பிறகு பெரிதாக, இரும்பு அலமாரி அதிர, சிரித்தார். வெளியே இருந்த குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "உடைஞ்ச மண்சட்டியாம்! கேட்டியா? ஒரு வார்த்தை விடல பாரு! ஒண்ணே ஒண்ணுகூட விடல!" அவள் மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை. எறும்பு அழுதாள், சந்தோஷத்தில்தான். அண்ணனுக்கு அது தெரிந்திருக்கும்.

"இன்னொரு தடவ படிக்கச் சொல்றேன், இரு" என்றார். படித்தது. மறுபடி அதே இடத்தில் சிரித்தார். பிறகு போனை எடுத்து, மூன்றாம் மாடிக்கு உடனே ஆளை அனுப்பச் சொல்லிவிட்டு, அடுத்த கடிதத்தை உருவினார்.